நான்காம் படுக்கையின் நாடி

மாலை 4.10. நான்காம் படுக்கையில் அந்த அம்மாளின் உடல் சில்லிட்டிருந்தது. போர்வை கழுத்துவரை அழகாக இழுத்து விடப்பட்டிருந்தது. தலைமாட்டுத் திரையில் மட்டும் நாடி 78 என்று ஜோராக ஓடிக்கொண்டிருந்தது.

"வயர் பழுதுன்னு கழட்டினேன் மேடம்," என்றாள் நர்ஸ், அழுதுகொண்டே. "அதுக்குள்ள ஆறாம் படுக்கைக்குப் புது நோயாளி வந்துட்டார். அவருக்கு வேற வயர் மாட்டிட்டுத் திரும்பிப் பார்த்தா, இங்கயும் நாடி வருது. வேற யாரோ மாட்டிட்டாங்கன்னு நினைச்சேன்."

"போர்வையை நீயா இழுத்து விட்டே?" என்றார் பெண் இன்ஸ்பெக்டர்.

"இல்லையே மேடம்."

"கழட்டின வயர்ல நாடி எப்படி வரும்? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்!" என்று பாய்ந்தார் இறந்தவரின் மகன். "இவளை உள்ளே தள்ளுங்க. இந்தக் கருவிக்கு டிரைவர் எழுதினதே நான்தான். முன்னெல்லாம் வயரை உருவினா திரை உறைஞ்சு நிக்கும். அதைக்கூடச் சரி பண்ணிட்டேன்."

டிரைவர் என்றால் இங்கே ஆள் அல்ல; கெர்னல் எனும் கம்ப்யூட்டரின் அடித்தளத்தில் உட்கார்ந்து, கருவி சொல்வதை வாங்கித் தரும் நிரல்.

இன்ஸ்பெக்டர் ஆறாம் திரையைப் பார்த்தார். அங்கேயும் 78. அந்த நோயாளியை வேறு அறைக்கு மாற்றச் சொல்லி, அவர் விரலில் இருந்த நாடி பார்க்கும் கிளிப்பைத் தன் விரலில் மாட்டிக்கொண்டு, மூச்சு வாங்க உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தார். ஆறாம் திரையில் 96, 110. நான்காம் திரையிலும் 96, 110. ஐயோ, அந்தப் படுக்கையில் கிடந்தது பிணம்!

"முன்னாடி ஏன் தம்பி உறைஞ்சுது?"

மகனின் குரல் இறங்கியது. "வயரை உருவினாலும், நாடியைக் காட்டுற புரோகிராம் அந்த வயருக்கு ஒதுக்கின நினைவக இடத்தைப் பிடிச்சிட்டிருக்கும். அது விடுறவரைக்கும் டிரைவர் காத்திருக்கும். ஆஸ்பத்திரிக்காரங்க திட்டினாங்க. காத்திருப்பை எடுத்துட்டேன்."

"உள்ளே ஆள் இருக்கும்போதே வீட்டை அடுத்தவருக்கு வாடகைக்கு விட்டுட்டீங்க. காலின்னு நீங்க விட்ட இடத்துல ஆறாம் படுக்கை நாடி குடியேறிடுச்சு. நாலாம் திரை பழைய விலாசத்தையே பார்த்துட்டிருந்துச்சு. குற்றம் உங்களோடதுதான்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். நர்ஸ் தப்பித்தாள், ஆனால் அவள் அழுகை நிற்கவில்லை.

"போர்வையை யார் இழுத்து விட்டது?" என்றார் இன்ஸ்பெக்டர் மெதுவாக.

"நான்தான்." மகன் கட்டிலோரம் உட்கார்ந்துவிட்டார். "மூணரைக்கு வந்தேன். கை சில்லுன்னு இருந்துச்சு. திரையைப் பார்த்தேன், 78. தூங்குறாங்க, எழுப்ப வேணாம்னு போயிட்டேன்."