சென்றியில் வெடிக்கவேண்டிய கார்

டிரிங்... டிரிங்...!

கையில் இருந்த கிரீஸைத் துடைக்காமலே கராஜ் தொலைபேசியை எடுத்தான் ஜவாஹிர்.

"வேலை முடிஞ்சுதோ?" தம்பிராசாவின் குரல்.

"மு... முடிஞ்சுது..."

"ஆமிச் சென்றிக்குக் கிட்டப் போய் அத்தான் அக்சிலேற்றரில இருந்து காலை எடுக்க... சைலன்சருக்குள்ள டுமீல்! மிச்சத்தை ஆமிக்காரன் பாப்பான். கடை எனக்கு!"

வைத்துவிட்டான் பாவி!

தம்பிராசாவின் அத்தானான கடை முதலாளி அருளம்பலத்தின் மொறிஸ் மைனர் காருக்கு, சைலன்சர் வெடிபோலச் சத்தம் போடும்படி எஞ்சின் டைமிங்கைப் பிசகாக்கி வைத்திருந்தான் ஜவாஹிர். துறைமுக வீதிச் சென்றியில், அதாவது ஆமிக் காவலரணில், வெடிச்சத்தம் கேட்டால் துப்பாக்கிதான் பதில் சொல்லும் காலம் அது. தெரிந்தேதான் செய்தான். போன மாதம் நாலு பேருக்கு முன்னால், "உனக்கு டைமிங் வைக்கத் தெரியுமோடா?" என்று கேட்டுவிட்டாராம் முதலாளி. அந்த ரோஷத்துக்கு ஓர் உயிரா? நல்ல ரோஷம்!

அருளம்பலம் வந்தார். காரில் ஏறினார்.

"ஜவாஹிர்... அண்டைக்கு ஆக்களுக்கு முன்னால அப்பிடிக் கதைச்சிட்டன். பிழை என்னில. மனசில வைச்சிராத."

மன்னிப்பா? அதுவும் இவனிடமா? ஜவாஹிருக்கு உடம்பெல்லாம் கூசியது.

அவர் காரை ஸ்டார்ட் பண்ணத் திறப்பைத் திருப்பப் போனார்.

"இறங்குங்க முதலாளி!" அலறிவிட்டான். "சென்றியில வெடிக்கும்! நான்தான் அப்பிடி வைச்சனான்... உங்கட மச்சான் கேட்டவர்..."

"தம்பிராசாவோ? என்ர மனிசிட தம்பியோ? விசர்க் கதை கதைக்காத!"

அழுதுகொண்டே டைமிங்கைச் சரியாக்கினான் ஜவாஹிர். உண்மையோ என்று பார்த்துவிட, அருளம்பலம் தொலைபேசியைச் சுழற்றினார்.

"தம்பிராசா... எனக்குத் தலையிடி. கராஜுக்கு வந்து காரைக் கடைக்குக் கொண்டு போ."

வந்தான். முகத்தில் வேர்வை! மறுத்தால் மாட்டிக்கொள்வான். ஓட்டிக்கொண்டு போனான். சென்றி கூப்பிடு தூரம்தான்; முதலாளியும் ஜவாஹிரும் பின்னால் நடந்தார்கள்.

சென்றி தெரிந்ததும் கார் நின்றது. தம்பிராசா எஞ்சினை நிறுத்தினான்... இறங்கினான்... தள்ளத் தொடங்கினான்!

"ஏய்! ஓடுற கார்தானே! ஏன் தள்ளுறது? ஸ்டார்ட் பண்ணு!" சிப்பாய் துவக்கை நீட்டினான்.

தம்பிராசா ஏறி ஸ்டார்ட் செய்தான். அடுத்த நொடி... வெளியே பாய்ந்து, தார் வீதியில் குப்புற விழுந்து, இரண்டு காதையும் பொத்திக்கொண்டான்!

மொறிஸ் மைனர் சீராக இரைந்துகொண்டு நின்றது.

"எழும்பு மச்சான்..." அருளம்பலத்தின் குரல் உடைந்திருந்தது. "வெடிக்காத காருக்கு ஏன் படுத்தனீ?"

ஜவாஹிரால் தலை நிமிர்த்த முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"என்னையும் பொலிசில குடுங்க முதலாளி..."

அருளம்பலம் அவனை நிதானமாகப் பார்த்தார்.

"அவனை நான் பாக்கிறன். நீ இனி டைமிங்கைத் தொடாத... ரயருக்குக் காத்து மட்டும் அடி!"