அரை கிலோமீட்டர் நகர்ந்த கல்

காலை 6.10. பாலத்து முனையில் நின்ற எல்லைக்கல்லைக் காணோம்.

அது அரை கிலோமீட்டர் தள்ளி, சிற்றூருக்குள், பஸ் நிறுத்தத்தின் அருகே நின்றது. பிறந்ததிலிருந்தே அங்கே இருப்பதுபோல!

பெருநகரம் போன மாதம்தான் தன் எல்லையைப் பாலம்வரை விரித்திருந்தது. எந்த ஊர் எல்லைக்குள் எவ்வளவு நீளச் சாலையோ, அந்த ஊருக்கு அவ்வளவு சாலை வரிப் பங்கு. வரைபடத்தின் தடித்த கோட்டுக்கு அடியில் அரை கிலோமீட்டர் ஒளிந்துகொள்ளும். எனவே கல் சொல்வதே சட்டம். 11 மணிக்கு இரு ஊரும் சேர்ந்து அளக்க வேண்டும்.

10.40. சிற்றூரின் சாலை மேஸ்திரியம்மா கல்லுக்கு முன்னால் நடுரோட்டில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

“டேப்பு என் மேல ஏறித்தான் போகணும். இந்தப் பங்கும் போச்சுன்னா என் ஆளுங்க ஆறு பேருக்கும் வேலை இல்ல.”

நகர இன்ஜினியர் சிரித்தார். “கல்லு பாலத்துல இருந்துச்சுன்னா, புடுங்கின குழி எங்கம்மா? ஊரே சேர்ந்து கதை விடுறீங்க!”

கல் காணாமல் போன புகாருக்கு வந்திருந்த போலீஸ் இன்ஸ்பெக்டர் பாலம்வரை நடந்துபோய்த் திரும்பினார். குழி இல்லைதான்.

“மேஸ்திரியம்மா, வழியெல்லாம் பள்ளத்துல ஜல்லி கிடக்கே?”

“வேற என்னத்தப் போடுறது சார்? தாரைக் கண்ணால பாத்து எட்டு மாசமாச்சு.”

“இன்ஜினியர் சார், பாலத்துக்கு இந்தப் பக்கம் உங்க ஆளுங்க வேலை பாத்தாங்களா?”

“ஒரு சட்டி தார்கூடக் கொட்டல. அளந்த பிறகுதான்.”

“தார் வண்டிச் சாவி?”

“என்கிட்டதான். ஒருத்தனையும் நம்புறதில்ல.”

11.05. இன்ஸ்பெக்டர் எல்லோரையும் பாலத்து முனைக்கு நடத்தினார். சாலை ஓரத்தில் ஓர் ஒட்டு. நான்கு பக்கமும் வெட்டிச் சதுரமாக்கி, தார் ஊற்றி, இடித்துச் சமன் செய்தது.

“எல்லாரும் குழியைத் தேடினோம். மூடின குழியை யாரும் பாக்கல. தார் இல்லாத ஊர்ல இவ்வளவு அழகா யார் மூடினது? கல்லைத் திருட வந்தவர், குழியை அப்படியே விட்டுட்டுப் போக மனசு வராம முறையா மூடிட்டார். சாவியும் உங்க பையில, இன்ஜினியர் சார்.”

மேஸ்திரியம்மா கடப்பாரையை இறக்கினாள். தார் பிளந்தது. அடியில், கல்லைப் பிடித்திருந்த கான்கிரீட்டின் உடைந்த மிச்சம்.

இன்ஜினியர் கைக்குட்டையைத் தேடினார்.

“எங்க ரோட்டுல நீங்க பாத்த ஒரே வேலை சார், அதையும் உடைக்க வச்சிட்டீங்களே!” என்றவள், டேப்பின் நுனியைக் குழிக்குள் வைத்து மிதித்தாள். “இங்கேருந்து அளங்கய்யா.”