மூடி கழற்றாத கேமரா

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, இட்லி சாப்பிட்ட கையோடு நட்சத்திரம் பார்க்கக் கிளம்புவது புதுமேட்டில் வழக்கம். சந்திரனில் ஒரு ராத்திரி பதினான்கு நாள் நீளம். அதற்காகப் பதினான்கு நாளும் தூங்க முடியுமா? கடிகாரம் சொல்கிறபடி எழுந்து, பல் தேய்த்து, வேலைக்குப் போவார்கள். ஞாயிறானால் கவச உடையை மாட்டிக்கொண்டு காற்றுக் கதவு வழியாக வெளியே போவார்கள். வெளியே காலை பத்து மணிக்குக் கும்மிருட்டாக இருக்கும்.

அதற்கும் அளவு உண்டு. வெளியில் கதிர்வீச்சு அதிகம் என்பதால் ஆளுக்கு மாதம் தொண்ணூறு நிமிடம்தான் வெளிநேரம். சிலர் அதைத் துள்ளி விளையாடித் தீர்ப்பார்கள். பூங்கோதை தன் தொண்ணூறு நிமிடத்தையும், போதாக்குறைக்குத் தன் புருஷனுடைய தொண்ணூறு நிமிடத்தையும், வானத்தைப் படம் பிடிப்பதிலேயே தீர்த்தாள்.

பூங்கோதைக்கு நாற்பத்து மூன்று வயது. ஊரின் காற்றுக்குழாய்ப் பராமரிப்பில் வேலை. குழாய்க்குள் எங்கே அடைப்பு, எங்கே ஓட்டை என்று பார்த்துச் சொல்ல வேண்டும். வாரம் ஆறு நாளும் அழுக்கையே பார்க்கிறவளுக்கு ஏழாம் நாள் கொஞ்சம் வெளிச்சம் பார்க்க ஆசை வந்ததில் தப்பில்லை. புருஷன் ரத்தினசபாபதி தண்ணீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் கண்காணிப்பாளர். தங்கமான மனிதர். ஆனால் எந்த நட்சத்திரம் எது என்று கேட்டால் விழிப்பார். “தனியா போகாதே, நானும் வரேன்” என்று கூடவே வந்து, முக்காலியில் கேமராவை மாட்டி, ஒரே ஒரு தரம் பொத்தானை அழுத்திவிட்டுப் பெட்டிமேல் உட்கார்ந்துகொள்வார்.

இருவரும் ‘புதுமேடு வான்படக் குழு’வில் உறுப்பினர்கள். மொத்தம் பதினொரு பேர். மாதக் கடைசியில் பதினொரு பேரும் தங்கள் படங்களைச் சுவரில் மாட்டுவார்கள். பதினொன்றும் ஒரே படமாக இருக்கும். தலைவர் மகுடபதி ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, தாடையைத் தடவி, எது சிறந்தது என்று ஒரு மணி நேரம் பேசுவார். அவர் சங்கடம் அவருக்கு.

எல்லாம் செம்மியின் கைங்கரியம். அந்தக் காலத்தில், அதாவது செம்மி வராத காலத்தில், வானத்தைப் படமெடுப்பது கல்லில் நார் உரிக்கிற வேலை. கை நடுங்கும், புள்ளி புள்ளியாக அழுக்குத் தெரியும், நூறு படத்தில் ஒன்று தேறினால் பாக்கியம். அப்புறம் ஒவ்வொரு கேமராவிலும் அரிசி அளவுக்கு ஒரு சில்லைப் பொருத்தினார்கள். அதுதான் செம்மி. கேமரா எந்தத் திசையைப் பார்க்கிறது, மணி என்ன என்று தெரிந்தால் அதற்குப் போதும். அந்த இடத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று வான்பட்டியலில் பார்க்கும். பட்டியலில் இருந்து படத்தில் விட்டுப்போனதை வரைந்து சேர்க்கும். படத்தில் இருந்து பட்டியலில் இல்லாததை அழுக்கென்று துடைத்துவிடும். கேமராவில் அதை அணைக்க வழி கிடையாது. யாரும் கேட்கவும் இல்லை.

இதில் ரத்தினசபாபதி ஒரு படி மேலே போனார். குழுவில் சேர்ந்த இரண்டாம் வாரமே பூங்கோதை பார்த்துவிட்டாள்.

“என்னங்க, லென்சு மூடியைக் கழட்டாமலே எடுக்கறீங்க!”

“கழட்டினா தூசு ஒட்டுது கோதை. கண்ணாடித் தூள் மாதிரி இருக்கு இந்த ஊர் மண்ணு, லென்சைக் கீறிடும். இதோ பாரு, படம் நல்லாத்தானே வந்திருக்கு?”

நன்றாகத்தான் வந்திருந்தது. அந்த மாதம் இரண்டாம் பரிசுகூட வாங்கியது. அவள் அதற்குமேல் என்ன சொல்வாள்?

இப்படியே போயிருந்தால் கதை இல்லை. அந்த ஞாயிறு, சந்திர ராத்திரி தொடங்கி மூன்றாம் நாள். கார்த்திகைக் கூட்டம் மேற்கு மேட்டுக்கு மேலே நின்றது. எல்லோரும் மூடியைக் கழற்றி, தூசு துடைத்து, கேமராவை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்கள். துடைக்கிற வேலை இல்லாத ரத்தினசபாபதி வழக்கம்போல முதல் ஆளாகப் பொத்தானை அழுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டார். அப்போது பூங்கோதையின் தலைக்கவசத் திரை பட்டென்று அணைந்தது.

தலைக்கவசக் கண்ணாடியிலும் ஒரு செம்மி உண்டு. நட்சத்திரங்களைப் பெரிசாக்கிப் பெயர் போட்டுக் காட்டும், பட்டியலில் இல்லாததை மறைத்துவிடும். அது அணைந்ததும் முதல்முறையாக வெறும் கண்ணாடி வழியாக, வெறும் கண்ணால், வானத்தைப் பார்த்தாள். நட்சத்திரங்கள் அவள் நினைத்ததைவிடச் சின்னதாக, கூர்மையாக இருந்தன. கார்த்திகைக்குச் சற்றுக் கீழே, விபூதிக் கை பட்டதுபோல ஒரு வெள்ளைத் தீற்றல்.

கண்ணாடியைத் துடைத்தாள். போகவில்லை. தலையைத் திருப்பினாள். தீற்றல் கூட வரவில்லை, கார்த்திகைக்குப் பக்கத்திலேயே நின்றது. கேமராவில் எடுத்தாள். படத்தில் இல்லை. மறுபடி எடுத்தாள். இல்லை. ஏழு படம் எடுத்தாள். ஏழிலும் கார்த்திகை அழகாக இருந்தது. அதற்குக் கீழே துடைத்து வைத்த இருட்டு.

“என்னங்க, உங்க திரையை ஒரு நிமிஷம் அணைச்சுட்டு அங்க பாருங்க.”

“அணைச்சா ஆக்சிஜன் அளவு தெரியாதே கோதை.”

“ஒரு நிமிஷத்துல செத்துப்போக மாட்டீங்க. அணைங்க!”

அணைத்தார். பார்த்தார். “ஏதோ இருக்குதான்” என்றார் மெதுவாக. “கண்ணாடி அழுக்கா இருக்குமோ?”

“ரெண்டு பேர் கண்ணாடியிலும் ஒரே இடத்துலயா அழுக்கு?” என்றாள் பூங்கோதை. “வால்நட்சத்திரங்க. புதுசு. யாரும் பாக்காதது.”

யாரும் பார்த்திருக்க முடியாது என்பது உண்மை. அது போன மாதம்வரை சூரியனுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தது. பூமியிலோ ஐம்பது லட்சம் செயற்கைக்கோள்கள் மினுக்குகிற மினுக்கலில் வானமே தெரியாது. ஆராய்ச்சிக்காரர்களின் பெரிய தொலைநோக்கிகள் ஆயிரம் கோடி ஒளியாண்டுக்கு இந்தப் பக்கம் எதையும் மதித்துப் பார்ப்பதில்லை. புது வால்நட்சத்திரத்தை முதலில் படமெடுத்தவர் பெயரையே அதற்கு வைப்பார்கள். பூங்கோதை வால்நட்சத்திரம். சொல்லிப் பார்த்தாள், நன்றாக இருந்தது. இருபது வருடமாக ஊரின் காற்றையே சுத்தம் செய்துகொடுத்திருக்கிறாள். ஒரு குழாயில்கூட அவள் பெயர் இல்லை.

மகுடபதியிடம் போனாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“படம் இருக்குதுங்களா அம்மிணி?”

“படத்துல வர மாட்டேங்குது சார். செம்மி துடைச்சிடுது. நீங்க திரையை அணைச்சிட்டு ஒரு தடவை பாருங்க.”

“செம்மி துடைக்குதுன்னா அது அழுக்குத்தானுங்களே?” என்றார் மகுடபதி. “படத்துல இல்லாததை நானெப்படிப் பதிவு பண்றது?”

செம்மி செய்த நிறுவனத்துக்கு எழுதினாள். உடனே பதில் வந்தது: ‘உங்கள் படங்களில் இருந்த அழுக்கு வெற்றிகரமாக நீக்கப்பட்டது. எங்கள் சேவைக்கு ஐந்து நட்சத்திரம் தருவீர்களா?’ நீக்கியதுதான் குறை என்று மறுபடி எழுதினாள். மறுபடியும் ஐந்து நட்சத்திரம் கேட்டார்கள். செவிடன் காதில் ஊதிய சங்கு. வானத்தில் ஒரு முழுப் பூசணிக்காய் கிடக்கிறது, அதை அரிசி அளவுச் சில்லு மறைக்கிறது, ஊரே அதை நம்புகிறது. அன்று அவள் தட்டை வைத்த சத்தத்தில் ரத்தினசபாபதி பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

நாளும் அதிகம் இல்லை. கார்த்திகை தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மேட்டைப் பார்த்து இறங்கிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் மறைந்துவிடும். அவளிடம் மிச்சம் ஐம்பது நிமிட வெளிநேரம்.

செவ்வாய்க்கிழமை வேலையில், ஒரு காற்றுக்குழாய்க்குள் கேமராவை விட்டு அடைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. கையில் இருந்த குழாய்க் கேமராவில் செம்மி இல்லை! அடைப்பை அழகாகப் பார்க்க யாருக்கு வேண்டும்? அழுக்கை அழுக்காகவே காட்டுகிற ஒரே கேமரா ஊரில் அதுதான்.

மேலதிகாரியிடம் பழுதென்று பொய் சொல்லி வீட்டுக்கு எடுத்துவந்தாள். அதன் லென்சைக் கழற்றிவிட்டு, கேமராவைத் தன் தொலைநோக்கியின் பின்னால் ஒட்டினாள். புதனன்று இருபத்தைந்து நிமிடம், வியாழனன்று இருபத்தைந்து நிமிடம். குளிரில் ஒட்டு இரண்டு முறை விட்டது. முக்காலி ஒரு தரம் சரிந்தது. வாய்விட்டுத் திட்டினாள், தலைக்கவசத்துக்குள் அவள் காதிலேயே விழுந்தது. கடைசியில் இரண்டு படம் தேறின. கோணல், புள்ளி புள்ளி, ஓரத்தில் கறுப்பு. ஆனால் இரண்டிலும் அந்தத் தீற்றல் இருந்தது. புதனுக்கும் வியாழனுக்கும் நடுவே கொஞ்சம் நகர்ந்தும் இருந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

இரண்டையும் நேராகப் பூமியில் இருக்கும் வான்பெயர்ப் பதிவகத்துக்கு அனுப்பினாள். அவர்கள் சரிபார்த்தார்கள். பாதை கணக்கிட்டார்கள். எட்டாம் நாள், உண்மைதான், புது வால்நட்சத்திரம்தான் என்று அறிவித்து வான்பட்டியலில் சேர்த்தார்கள். அன்று பூங்கோதை பாயசம் வைத்தாள்.

பாயசம் ஆறுவதற்குள் வினை வந்தது.

வான்பட்டியலில் ஒன்று சேர்ந்தால் செம்மி சும்மா இருக்குமா? பட்டியலைப் படித்தது. தான் சேமித்து வைத்திருந்த பழைய படங்களையெல்லாம் எடுத்தது. எந்தத் தேதியில் வால்நட்சத்திரம் எங்கே இருந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, ‘விட்டுப்போனதை’ எல்லாப் படத்திலும் அழகாக வரைந்து, பதிவகத்துக்கும் அனுப்பி வைத்தது. குழுவின் பதினொரு பேர் படத்திலும் கார்த்திகைக்குக் கீழே வால்நட்சத்திரம் பளிச்சென்று நின்றது. பதிவகத்தின் விதி தெளிவானது: எந்தப் படம் எல்லாவற்றிலும் முந்தியதோ, அதை எடுத்தவர் பெயர். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து நாற்பதுக்கு எடுத்த படம்தான் எல்லாவற்றிலும் முந்தியது.

அதற்கு ‘ரத்தினசபாபதி வால்நட்சத்திரம்’ என்று பெயர் வைத்தார்கள்.

“மூடியே கழட்டாத படம் சார் அது!” என்று மகுடபதியிடம் கத்தினாள் பூங்கோதை. “போன வாரம் அந்தப் படத்துல வால்நட்சத்திரம் இல்லை. நீங்களே சுவத்துல பாத்தீங்க!”

“இப்ப இருக்குதுங்களே” என்றார் மகுடபதி.

“என் படத்துலதானே முதல்ல இருந்துச்சு?”

“உங்க படம் நானும் பார்த்தனுங்க. குழாய்க்குள்ள எடுத்த மாதிரியே இருக்குது.” கொஞ்சம் குரலைத் தணித்தார். “எதுக்கு அம்மிணி வருத்தம்? பேரு வீட்டுக்குள்ளதானே இருக்குது?”

ரத்தினசபாபதி நல்ல மனிதர் என்று முன்னமே சொன்னேன். அன்றே பதிவகத்துக்குக் கடிதம் எழுதினார். லென்சு மூடி மாட்டியிருந்தது, நான் எதையும் பார்க்கவில்லை, கண்டுபிடித்தது என் மனைவி என்று உள்ளது உள்ளபடி எழுதினார். பதில் வந்தது: ‘உங்கள் படத்தை நிபுணர்கள் ஆராய்ந்தார்கள். மூடி மாட்டிய கேமராவில் இவ்வளவு துல்லியமான படம் வர வாய்ப்பே இல்லை. உங்கள் தன்னடக்கத்தை மதிக்கிறோம்.’

அடுத்த ஞாயிறு பொதுக் கூடத்தில் பாராட்டு விழா. மகுடபதி மாலை போட்டார். ரத்தினசபாபதி மைக்கைப் பிடித்து, “நான் மூடியைக்கூடக் கழட்டலைங்க” என்றார். கூடம் அதிரக் கைதட்டினார்கள். எவ்வளவு பெரிய மனிதர், எவ்வளவு எளிமை என்று பேசிக்கொண்டார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுவது கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே காக்கை கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது, பனம்பழத்தை யாரோ பிற்பாடு வரைந்தார்கள்.

அவர் இறங்கிவந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். மாலையைக் கழற்றவில்லை.

“சொல்லிட்டேன் கோதை. யாரும் நம்ப மாட்டேங்கறாங்க.”

அவள் அந்த மாலையையே பார்த்தாள்.

“ஆனா ஒண்ணு” என்றார், மேடையைப் பார்த்தபடி. “அன்னிக்கு அந்த மூடி கொஞ்சம் இளகித்தான் இருந்துச்சு, இல்ல?”

பூங்கோதை வெடுக்கென்று அவரைத் திரும்பிப் பார்த்தாள். எழுந்து போய்விடலாம் என்று நினைத்தாள். அதற்குள் எல்லோரையும் மேடைக்கு அழைத்துவிட்டார்கள். குழுப்படம் எடுக்க வேண்டுமாம். கண்டுபிடித்தவரின் மனைவி என்று அவளை நடுவில் நிறுத்தினார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட, கேமராவை எரித்துவிடுவதுபோல் முறைத்துக்கொண்டு நின்றாள். ஒருவராவது படத்தைப் பார்த்து, இந்த அம்மாளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கட்டும். அதற்காகவாவது அசையாமல் நிற்போம் என்று நின்றாள்.

வீட்டுக்கு வருவதற்குள் படம் எல்லோருக்கும் வந்துவிட்டது. முந்நூறு பேர் வாழ்த்தியும்விட்டார்கள். ரத்தினசபாபதி திரையைப் பெரிதாக்கிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

“நீ கோவமா இருக்கியோன்னு நான் பயந்துட்டே இருந்தேன் கோதை” என்று படத்தை அவளிடம் நீட்டினார். “இங்க பாரு, எவ்வளவு சந்தோஷமா நிக்கற!”

படத்தில் பூங்கோதை வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.