கேமராவை இறக்குங்க

எனக்குப் பேய் நம்பிக்கை கிடையாது. பேட்டரி நம்பிக்கை உண்டு. பேட்டரி இல்லாமல் எந்தச் சாமானும் ஓடாது என்பதில், பாக்கியம் அக்கா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும் வரைக்கும் உறுதியாகத்தான் இருந்தேன்.

பிரிக்பீல்ட்ஸில் பழைய ரயில்வே குவார்ட்டர்ஸ். 1998, அக்டோபர் கடைசி. இந்த மாதிரி விஷயமெல்லாம் நடுச்சாமத்தில் நடந்தால்தான் கேட்பவர்களுக்கு ருசி. இது சாயங்காலம் நாலு மணிக்கு நடந்தது, நான் என்ன செய்ய? மழை கட்டிக்கொண்டு வந்திருந்ததால் தெரு மட்டும் இருண்டு கிடந்தது. பக்கத்து வீட்டில் யாரோ துணியை அவசரமாக உருவிக்கொண்டிருந்தார்கள். சந்துக் காற்றில் ஈர மண்ணும் சாக்கடையும் கலந்து வீசின. என் கையில் ஓர் உறை. உள்ளே இருதயம் அண்ணனின் படங்கள்.

இருதயம் அண்ணன் பாக்கியம் அக்காவின் கணவர். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு அவர்தான் உயிர். கூட்டம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கேமராப் பைத்தியம் பிடித்த நாலைந்து பேர் ஒரு கோப்பிக் கடையில் கூடுவோம். எடுத்த படங்களைக் கம்ப்யூட்டர் டிஸ்கெட்டில் போட்டு மாற்றிக்கொள்வோம். மறுவாரம் ஒருத்தரை ஒருத்தர் கிழித்துத் தொங்கப்போடுவோம். அண்ணன்தான் எங்களில் முதன்முதலாக டிஜிட்டல் வாங்கியவர். செங்கல் பருமனில் இருக்கும். படத்தை நேராக டிஸ்கெட்டிலேயே எழுதும். எழுதும்போது உள்ளே கர்ர்... கர்ர்... என்று அரைத்து, டக்கென்று நிற்கும். “அண்ணே, மசாலா அரைச்சு முடிச்சாச்சா?” என்று எங்கள் கூட்டத்து நாகையா கிண்டல் செய்வான்.

அண்ணன் அந்த மாதத் தொடக்கத்தில் தூக்கத்திலேயே போய்விட்டார். முப்பதாம் நாள் பூசைக்கு அவர் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட வேண்டும் என்று அக்கா கேட்டார். இது ஒரு வேலையா, ஒரே நாளில் முடித்துவிடுகிறேன் என்று நானும் வாயைக் கொடுத்துவிட்டேன்.

படமே இல்லை.

கல்யாண ஆல்பத்தை எழுபத்தொன்றில் வந்த வெள்ளம் கொண்டுபோய்விட்டது. ஐ.சி. என்கிற அடையாள அட்டையை, இறப்பைப் பதிந்த அன்றே ஆபீஸில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பிள்ளைகள் இல்லாத வீடு. பிறந்தநாள், பள்ளிக்கூட விழா என்று யாரும் யாரையும் நிற்க வைத்து எடுத்ததில்லை. சரி, எங்கள் டிஸ்கெட்டுகளில் இல்லாமலா போகும் என்று ஒவ்வொன்றாகத் தேடினோம். அண்ணன் இருந்தார். நிறைய இருந்தார். ஆனால் எல்லாவற்றிலும் முகம் இருக்க வேண்டிய இடத்தில் கேமரா இருந்தது. பார்வை மங்கியும் கண்ணாடி போட மாட்டேன் என்று பிடிவாதம். திரையை மூக்குக்கு அருகில் வைத்துத்தான் எடுப்பார். நாங்கள் அவரை எடுக்கும் நேரத்தில் அவர் எங்களை எடுத்துக்கொண்டிருந்தார்.

“அந்த மனுஷன் எப்ப லா கேமராவ எறக்கினாரு?” என்றான் நாகையா.

இருப்பதில் நல்லதாகச் சிலவற்றை அச்சடித்து அன்று கொண்டுபோயிருந்தேன். அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு அடுக்கி, என் பக்கமே தள்ளிவிட்டார்.

“எல்லாத்திலயும் கேமராதானே தம்பி இருக்கு.”

“வேற கெடைக்கல அக்கா. தேடிக்கிட்டுதான் இருக்கோம்.”

“சீக்கிரம் தேடுங்க.” அவர் குரல் இறங்கியது. “அவரு மொகம் எனக்கு மறந்துகிட்டு வருது. கண்ண மூடினா கருப்பா அந்தப் பொட்டிதான் வருது. மூக்கு எப்படி இருக்கும், சிரிச்சா எப்படி இருக்கும், ஒண்ணும் புடிபட மாட்டேங்குது. ஒரு பொண்டாட்டிக்கு இப்படி ஆகலாமா?”

எல்லாருக்கும் அப்படித்தான் என்று ஏதோ உளறினேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

கர்ர்... கர்ர்... டக்.

படுக்கை அறையிலிருந்து வந்தது.

“கேக்குதா?” என்று அக்கா மெதுவாகக் கேட்டார். “அடக்கம் முடிஞ்ச நாள்லேர்ந்து இப்படித்தான். எலின்னு நெனச்சேன்.”

அலமாரியைத் திறந்தேன். நாப்தலின் நெடியை மீறிக்கொண்டு கோடாலித் தைலம் மூக்கில் ஏறியது. அண்ணனின் வாசனை அது. வலது தோளில் எந்நேரமும் தேய்த்துக்கொள்வார். மடித்த சட்டைகளுக்கு நடுவே கேமரா பைக்குள் இருந்தது. எடுத்தபோது சூடாக இருந்தது.

அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். பேட்டரி இடம் காலி.

“பேட்டரிய நான்தான் அன்னைக்கே கழட்டி மேச டிராயர்ல போட்டேன்” என்றார் அக்கா.

சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்து, பேட்டரியைப் போட்டு, டிஸ்கெட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன்.

அண்ணன் உயிரோடிருந்த காலத்தில் மைனாவை எடுத்தார், கொக்கை எடுத்தார், ஓடும் ரயிலையும் நிற்கும் ரயிலையும் எடுத்தார். மனைவியை எடுத்து நான் பார்த்ததில்லை. அந்த டிஸ்கெட் முழுக்க அக்காதான் இருந்தார். அரிசி களைகிறார். மாதா படத்துக்கு முன் முழங்காலில் இருக்கிறார். கட்டிலில் ஓர் ஓரமாகத் தூங்குகிறார், மறு பாதி காலியாகக் கிடக்கிறது. ஒவ்வொரு படமும் இடதுபக்கம் சற்றுச் சாய்ந்திருந்தது. தோள் வலியால் அண்ணனின் படங்கள் அப்படித்தான் சாயும். அதற்காக அவரை நாங்கள் ஓட்டாத வாரம் கிடையாது.

தேதிகளைப் பார்த்தேன். எல்லாம் அடக்கத்துக்குப் பிந்தியவை.

அன்றைய தேதியிட்ட முதல் படத்தில் ஒருவன் வாசலில் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

நான்.

வீட்டுக்குள்ளே நின்று எடுத்த படம் அது. அந்த நேரத்தில் அக்கா சமையலறையிலிருந்து, “வா தம்பி, கதவு தெறந்துதான் இருக்கு” என்று குரல் கொடுத்திருந்தார். கூடத்தில் யாரும் இல்லை. இல்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஓட்டுக் கூரையில் அது விழுந்த சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை. எழுந்து ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. ஆனால் அக்காவைப் பார்த்தேன். அவர் பயப்படவில்லை. கோபத்தில் உதடு துடித்தது, கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.

“முப்பது வருசமா என்னைய ஒரு படம் எடுன்னு கேட்டிருக்கேன். இப்ப எடுக்கிறாராமா?”

முகத்தைத் துடைத்துக்கொண்டு விடுவிடுவென்று அறைக்குள் போனார். அங்கிருந்த நீளக் கண்ணாடியை இழுக்க ஆரம்பித்தார்.

“அந்தப் பக்கம் புடி தம்பி.”

“எதுக்கு அக்கா?”

“என்னையத்தானே எடுக்கிறாரு? எனக்குப் பின்னால கண்ணாடி இருந்தா, எடுக்கிறவரு அதில விழுவாருல்ல?”

வாழ்நாள் முழுக்கக் கேமரா பிடித்த எங்களில் ஒருவனுக்கும் தோன்றாத யோசனை. கண்ணாடியைக் கூடத்துச் சுவரில் சாய்த்து வைத்தோம். அதற்கு முன்னால் நாற்காலியைப் போட்டு அக்கா உட்கார்ந்தார். தலையைக் கோதிக்கொண்டார், முந்தானையைச் சரிசெய்தார். ஸ்டுடியோவுக்குப் போன புதுப்பெண்ணின் கூச்சம் அந்த முகத்தில் தெரிந்தது. நான் மேசை ஓரமாக ஒதுங்கி நின்றேன். கேமரா மேசைமேல் கிடந்தது. அதன் லென்ஸ் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மழை.

தைல வாசனை.

என் பக்கத்தில் தரைப்பலகை ஒன்று மெல்ல முனகியது. நான் அசையவில்லை.

கர்ர்... கர்ர்... டக்.

அக்கா எழுந்து வந்தார். இருவரும் குனிந்து திரையைப் பார்த்தோம். நாற்காலியில் அக்கா. பின்னால் கண்ணாடி. கண்ணாடிக்குள், மேசைக்கு அருகே, எனக்கு ஒரு சாண் தள்ளி, வலது தோள் இறங்கிய ஒருவர். அவர் இரண்டு கைகளாலும் கேமராவை மூக்கோடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

முகம் தெரியவில்லை.

அக்கா நாற்காலிக்குத் திரும்பினார். உட்கார்ந்து, என்னை அல்ல, எனக்குப் பக்கத்திலிருந்த வெறும் இடத்தைப் பார்த்துப் பேசினார்.

“கேமராவ எறக்குங்க. ஒரே ஒரு தடவ. எனக்காக.”

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. மழை குறைந்தது. எங்கோ ரயில் ஒன்று ஊதிவிட்டுப் போனது.

கர்ர்... கர்ர்... கர்ர்... இந்தத் தடவை அது நிற்கவே மாட்டாதோ என்றிருந்தது.

டக்.

திரையில், அக்காவுக்குப் பின்னால் கண்ணாடிக்குள், இருதயம் அண்ணன் இருந்தார். கேமரா இல்லை. இடது புருவத்தில் பழைய தழும்பு, காது மடலில் நரைத்த முடி, கொஞ்சம் தூக்கலான முன்பல். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொங்கவிட்டிருந்தார். படம் எடுத்துக்கொண்டு பழக்கமில்லாதவர்கள் நிற்கிற நிற்பு அது. வெட்கத்தோடு, மனைவியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை சனிக்கிழமையாக எனக்கு எதிரே உட்கார்ந்து கோப்பி குடித்தவரை நான் மறப்பேனா? அவரேதான்.

“அண்ணே” என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது.

அக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். திரைக்கு அருகே போனார். விலகினார். மறுபடி பார்த்தார்.

“யாரு தம்பி இது?”

“அண்ணன்தான் அக்கா. நல்லா பாருங்க.”

“இல்ல.” தலையை ஆட்டினார். “இவரு இல்ல. யாரோ வேற ஆளு. நம்ம வீட்டுக்குள்ள எப்படி வந்தாரு?” பயம் அப்போதுதான் முதல்முதலாக அவர் முகத்தில் வந்தது. பொத்தானை அழுத்தி முந்திய படத்துக்குப் போனார். கேமராவால் முகத்தை மூடியவரைக் கண்டதும் மூச்சு விட்டு, விரலால் திரையைத் தடவினார். “இதோ. இதுதான் அவரு. இதையே பெருசாக்கிக் குடு தம்பி.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்காவுக்காக இல்லை. பக்கத்தில் நின்றவருக்காக. ஆயுசுக்கும் செய்யாத ஒன்றை மனைவி கேட்டாளே என்று செத்த பிறகு செய்துவிட்டு, கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்ற மனிதர்.

தைல வாசனை மெல்லக் குறைந்து, இல்லாமல் போனது.

பூசைக்குக் கேமரா முகத்தை மறைத்த அந்தப் படத்தைத்தான் சட்டம் போட்டுக் கொடுத்தேன். மாதா கோவிலில் எல்லாரும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அக்கா மட்டும் திருப்தியாக மெழுகுவர்த்தி ஏற்றினார். அந்தக் கேமரா அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. “கோவிச்சுக்கிட்டாரா என்னமோ தெரியல, சத்தமே காணோம்” என்று நான் போகும்போதெல்லாம் அக்கா சொல்வார்.

அண்ணன் என்னிடம் வந்துவிட்டார் என்று நான் எப்படிச் சொல்வேன்?

முதலில் தைப்பூசத்துக்குப் பத்துமலையில் எடுத்த படத்தில் கண்டேன். கூட்டம் முழுக்கக் காவடியைப் பார்க்கிறது. ஒருவர் மட்டும் என்னைப் பார்க்கிறார். பிறகு செராஸில் ஒரு கல்யாணத்தில், மாப்பிள்ளை வீட்டாருக்குப் பின்னால். பிறகு கிள்ளான் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில். கையில் கேமரா கிடையாது. முகம் தெளிவாக, வெளிச்சம் படும்படி, எவர் பார்த்தாலும் சொல்லிவிடக்கூடிய மாதிரி நிற்கிறார். முதலில் இருந்த சிரிப்பு மட்டும் படத்துக்குப் படம் குறைந்துகொண்டு வந்தது.

சனிக்கிழமை டிஸ்கெட்டை நாகையாவிடம் கொடுத்தேன். அடுத்த வாரம் அவன் அதை மேசைமேல் வைத்து என் பக்கம் நகர்த்தினான். கிண்டல் இல்லை, விமர்சனம் இல்லை. “இத நீ அக்காகிட்டதான் லா காட்டணும்” என்றான்.

காட்டினேன். எல்லாவற்றையும் அச்சடித்துக் கொண்டுபோய், அவர் மேசைமேல் பரப்பினேன். ஒரு படத்திலாவது, ஒரு கணமாவது அவருக்குத் தெரிந்துவிடாதா என்று மனம் அடித்துக்கொண்டது. அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். பத்துமலை நன்றாக வந்திருக்கிறது என்றார். கல்யாணப் பெண்ணின் சேலையைப் பாராட்டினார். பிறகு அவர் விரல் ஓர் இடத்தில் நின்றது.

“இது யாரு தம்பி, எல்லாப் படத்திலயும் இருக்காரு? ஒன்னோட கூட்டாளியா?” அக்கா அந்த முகத்தையே பார்த்தார். “பாவம். யாருக்காகவோ ரொம்ப நாளா காத்துக்கிட்டு நிக்கிறாரு போல.”