நாற்காலி பின்னால் வரும் தூரம்

மதியம் மூன்று மணிக்கே விளக்குப் போடலாம் போல வானம் மூடியிருந்தது. தூறல் விட்டபாடில்லை. நகரத்தின் நடுவே ஆறு மாடிக் கட்டிடம் ஒன்றின் தரைத்தளத்தில் அந்த உணவகம் ஒன்றரை வருடமாகப் பூட்டிக் கிடந்தது. அதன் முன் அவள் வந்து இறங்கினாள். கையில் அளவு நாடா, பையில் ஒரு பெட்டி சுண்ணக்கட்டி.

புது முதலாளி குடையோடு ஓடி வந்தார். நல்ல மனிதர்தான், வாய்தான் ஓயாது.

"பழைய வரைபடத்துல உங்க பேர் இருந்துச்சு மேடம். இடம் தெரிஞ்சவங்களே பார்த்தா நல்லதுன்னு உங்களையே கூப்பிட்டேன். இந்த முன்தளம்தான் உயிரே. தெருவுல போறவங்க பார்த்துட்டு உள்ள வரணும். முன்ன மாதிரியே நாலு மேசை போட்டுடுங்க."

அவள் தலையசைத்தாள். எதுவும் மாறவில்லை. மேலே கூரை, மூன்று பக்கமும் மழைக்குக் கண்ணாடித் தடுப்பு, தெரு விளிம்பில் இடுப்பளவு சிமெண்ட் பூந்தொட்டிகள். தொட்டிகளுக்கு நடுவே நடைபாதைக்கு ஒரே ஒரு வழி.

"முன்னாடி ஏதோ தீ விபத்தாம்," முதலாளி குரலைத் தாழ்த்தினார். "எல்லாரும் ஓடிட்டாங்க. ஒருத்தங்க மட்டும் மாட்டிக்கிட்டாங்களாம். பாவம்."

அந்த ஒருத்தி அவளுடைய தங்கை. அதை அவள் சொல்லவில்லை. சொன்னால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். அந்த இடத்தை இன்னொரு கை தொடுவதை அவளால் தாங்க முடியாது.

தரை துடைக்கும் அம்மா வாளியை ஓரமாக வைத்தார். "எத்தனை தடவ துடைச்சாலும் ரெண்டு கோடு விழுதும்மா. சக்கரம் போன மாதிரி. பூட்டிக் கிடக்கிற இடத்துல சக்கரம் ஏது? நாளைலேருந்து நான் வரலைம்மா, சொல்லிட்டேன்."

முதலாளி சிரித்து மழுப்பினார். தச்சரைப் பார்க்க வேண்டும், ஒரு மணி நேரத்தில் வருகிறேன் என்று போய்விட்டார். அந்த அம்மா அதற்கு முன்பே போயிருந்தார்.

தங்கைக்கு ஆறு வயதிலிருந்து சக்கர நாற்காலி. வாயைத் திறந்தால் மூடமாட்டாள். இடது சக்கரமும் அவளுக்குச் சளைக்காமல் கிறீச்சிடும். வீட்டில் அவளுக்குச் 'சில்வண்டு' என்றே பேர். அக்கா எந்த உணவகத்துக்கு முன்தளம் வடிவமைத்தாலும் முதலில் மேசை நாற்காலிகளைத் தரையில் நிஜ அளவில் சுண்ணக்கட்டியால் வரைவாள். சில்வண்டு அதனூடே உருட்டிப் பார்ப்பாள். கேலியாக "மேடம், இங்க முட்டுது" என்றால் முட்டுகிறது. அதற்கு மேல் பேச்சில்லை.

இந்த இடத்துக்கு மட்டும் வரையவில்லை. அவசரம். "காகிதத்துல மூணரை அடி வழி இருக்குடி, போதும்" என்று சொல்லிவிட்டாள்.

காகிதத்தில் இருந்தது உண்மைதான். காகிதத்தில் நாற்காலிகள் எப்போதும் மேசைக்குள் ஒழுங்காகத் தள்ளியே நிற்கும். ஆள் உட்கார்ந்தால் நாற்காலி ஒன்றரை அடி பின்னால் வரும். பதறி எழுந்தால் இன்னும் வரும். உணவகம் திறந்த அன்று அடுப்பறையில் தீப்பிடித்துப் புகை முன்தளத்தில் நிறைந்தபோது, எல்லோரும் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினார்கள். நாலாவது மேசையின் நாற்காலிகள் சில்வண்டின் வழியை அடைத்துக்கொண்டன. அக்கா அப்போது எதிர்ச்சாரியில் நின்று, தன் வேலையின் அழகைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஓடி வந்தாள். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இப்போது மண்டியிட்டு வரைந்தாள். ஒவ்வொரு நாற்காலியையும் ஆள் எழுந்து போன நிலையில், பின்னால் தள்ளியே வரைந்தாள். நாலாவது மேசையையும் அன்று இருந்தபடியே வரைந்தாள். அன்று பார்க்காததை இன்றாவது பார்க்க வேண்டும்.

மழைச் சத்தம் நின்றிருந்தது.

தைல வாசனை வந்தது. சக்கரம் தள்ளித் தள்ளி வலிக்கும் மணிக்கட்டில் தங்கை தேய்த்துக்கொள்ளும் அதே தைலம். அதற்கு அடியில் லேசாகப் புகை.

கிறீச்.

அவள் நிமிரவில்லை.

கிறீச்.

காய்ந்த தரையில் இரண்டு ஈரக் கோடுகள் முதல் மேசையைத் தாண்டி வந்தன. இரண்டாவதை வளைந்தன. சுண்ணக்கட்டிக் கோடு எதையும் தொடவில்லை. நாலாவது மேசைக்கும் தொட்டிக்கும் நடுவே வந்து நின்றன.

பின்வாங்கின. மறுபடி வந்தன. அதே இடத்தில் நின்றன.

மறுபடி.

ஒன்றரை வருடமாக இதையேதான் செய்துகொண்டிருக்கிறாளா?

"முட்டுதா?" என்று கேட்டாள். "தெரியுதுடி. இப்பத் தெரியுது."

உள்ளங்கையால் நாலாவது மேசையை அழித்தாள். தோல் உரிய உரிய அழித்தாள். பிறகு ஓரத் தொட்டியைத் தோளால் முட்டினாள். நகரவில்லை. மீண்டும் முட்டினாள். அழுதுகொண்டே, திட்டிக்கொண்டே, அங்குலம் அங்குலமாகத் தள்ளினாள். ஒன்றரை அடி நகர்ந்தது.

"போடி," என்றாள். "வழி இருக்கு. போ."

கோடுகள் அவள் முழங்காலை உரசியபடி கடந்து, நடைபாதையின் ஈரத்தில் கலந்து மறைந்தன.

முதலாளி திரும்பி வந்தபோது அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். "நாலாவது மேசை எங்க மேடம்?"

"வராது."

"மூணு மேசையை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? அப்ப வேற ஆளைத்தான் பார்க்கணும்."

"பாருங்க. ஆனா யார் வந்தாலும் இந்த வழிய மட்டும் அடைக்காதீங்க." அவள் எழுந்தாள். "மாட்டிக்கிட்டது என் தங்கச்சி. அடைச்சது நான்."

முதலாளி குனிந்து அழிந்த கோடுகளைப் பார்த்தார். "மூணே போதும்மா," என்றார்.

வீட்டுக்கு நடந்தே போனாள். பதினைந்து நிமிட நடை. மனப்பாரம் இறங்கியிருந்தது, மனது காலியாகவும் இருந்தது. போகச் சொல்லிவிட்டோமே, போயே விட்டாளே என்று தெரு முழுக்க அழுதாள்.

அவர்கள் வீட்டு வாசலில் ஒரே ஒரு படி. ஊரெல்லாம் சாய்தளம் போட்டுக் கொடுத்தவள் தன் வாசலுக்குப் போடவில்லை. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிப்போட்டே வந்தாள். அதுவரை நாற்காலியின் பின்னால் நின்று கைப்பிடியை அழுத்தி, முன்சக்கரங்களைப் படிமேல் ஏற்றி, ஒரே மூச்சில் தூக்கி விடுவாள்.

சாவியை எடுத்தாள்.

முதுகுக்குப் பின்னால், கிறீச்.

வாசற்கூரையின் கீழே, நனையாத சிமெண்ட் தரையில், இரண்டு ஈரக் கோடுகள் வந்து படிக்கு ஓர் அங்குலம் முன்னால் நின்றிருந்தன. காத்திருந்தன.

அவள் கதவைத் திறந்து வைத்தாள். கோடுகளுக்குப் பின்னால் போய் நின்று, குனிந்து, கைப்பிடி இருக்க வேண்டிய உயரத்தில் வெறும் காற்றைப் பற்றினாள்.

"பிடிச்சுக்கோ," என்றாள்.

தூக்கினாள். கனத்தது.