ஆளில்லா விமானம் நனைத்த நான்கு ஏக்கர்

காலை 9.20. பொந்தியான் ஊருக்கு வெளியே, ஐயாசாமியின் அன்னாசித் தோட்டத்தில் கனகராஜ் செத்துக் கிடந்தார். தலையில் ஆழமான வெட்டு. பக்கத்திலேயே மருந்து தெளிக்கும் ட்ரோன் இறக்கை உடைந்து கவிழ்ந்திருந்தது. அங்கே முப்பது வருடம் உழைத்த மனிதர். அவர் மனைவி செல்லம் அழக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

இன்ஸ்பெக்டர் லோஷினி, ஐயாசாமியின் மகன் வசந்தனை விசாரித்தார்.

"எத்தனை மணிக்குப் பறக்க விட்டீங்க?"

"ஏழு மணிக்கு மேடம். ரூட் போட்டு விட்டுட்டு உடனே டவுனுக்குச் சாப்பிடப் போயிட்டேன். ஒன்பதுக்குத்தான் திரும்புனேன்."

"கிட்ட யாரும் நிக்கலயா?"

"ஆளில்லா விமானம் மேடம். அதுக்கு ஆள் எதுக்கு லா?"

ஐயாசாமிக்குச் சுருக்கென்றது. போன மாதம் கோயில் கூட்டத்தில் புது ட்ரோனுக்கு அதே பெயரைச் சொல்லிப் பெருமையடித்தவர் அவர்தான். இன்று அந்தப் பெயர் மகனைக் காப்பாற்றிவிடும் போலிருந்தது.

"கனகராஜ் அந்த மெஷினைத் தொடுவாரா?" என்று லோஷினி செல்லத்திடம் கேட்டார்.

"தொட்டதே இல்லம்மா," என்றாள் செல்லம். "பேட்டரி மாத்தக்கூடத் தெரியாது. எட்டு மணிக்கு அன்னாசிக் கன்னு பிடுங்க வந்தாரு."

லோஷினி அறிக்கையை நீட்டினார். "விபத்துன்னுதான் தெரியுது. கையெழுத்துப் போடுங்க ஐயா."

ஐயாசாமி பேனாவை வாங்கினார். பார்வை தோட்டத்தின் மேல் போனது. இலைகளில் மருந்து வெள்ளையாகக் காய்ந்திருந்தது, நான்கு ஏக்கருக்கு. வாயை மூடிக்கொண்டால் மகன் தப்பிப்பான். மூடினால், இத்தனை வருடம் கட்டிக்காத்த குடும்பப் பெயருக்கு என்ன அர்த்தம்?

"வசந்தா, டாங்கியில எத்தனை லிட்டர் பிடிக்கும்?"

"பத்துப்பா."

"எத்தனை ஏக்கருக்கு வரும்?"

வசந்தன் முகத்தைத் திருப்பிக்கொள்ள, ஐயாசாமியே சொன்னார்.

"ஒரு ஏக்கர். நனைஞ்சிருக்கிறது நாலு. மூணு தடவை இறக்கி மருந்து ஊத்தி, பேட்டரி மாத்தியிருக்கு. விமானத்துக்குள்ளதான்டா ஆளில்ல. பக்கத்துல நீ இருந்திருக்க."

வசந்தன் தரையில் உட்கார்ந்தான். "தாழப் பறக்க விட்டேன்பா. அவரு குனிஞ்சிருந்தது தெரியல. ரத்தத்தப் பார்த்ததும் ஓடிட்டேன்."

"அப்ப உயிர் இருந்துச்சா?" என்று கேட்டார் லோஷினி.

ஆமென்று தலையாட்டினான். பொய் ஒன்றுதான் குற்றம் என்று நினைத்திருந்த ஐயாசாமி பேனாவை லோஷினியிடம் திருப்பிக் கொடுத்தார்.

செல்லம் மெல்ல எழுந்தாள். "ஏதாச்சும் சொன்னாரா தம்பி?"

"உங்களைக் கூப்பிடச் சொன்னாரு அத்தை."

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அவளுடைய வீட்டுத் தகரக் கூரை வெயிலில் மின்னியது. கூப்பிட்டால் கேட்கும் தூரம்.