ஐந்தாவது பதில்

கம்பத்தைத் தாண்டி, திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே நின்ற அந்தக் குளிர்பதனக் கிடங்கில் சூரியபிரகாஷ் வந்து இறங்கியபோது மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்திருந்தது. மேற்கு மலையிலிருந்து மழை இறங்கிக்கொண்டிருந்தது. பகல் வெளிச்சம் வற்றிப்போனதால் உள்ளே எல்லா விளக்குகளையும் போட்டிருந்தார்கள். ஆனாலும் மூலைகள் இருட்டாகவே இருந்தன. அழுகிய திராட்சையின் புளித்த வாடை வந்தது. அதற்கு அடியில், குளிரூட்டும் இஞ்சின்களிலிருந்து மூக்கைக் கீறும் அமோனியா வாடை.

மதுரைக் கம்பெனி அனுப்பிய கம்ப்யூட்டர் என்ஜினீயர் அவன். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, இப்படியொரு இடத்திலும் மனிதர்கள் வேலை பார்க்கிறார்களா என்பதுபோல் சுற்றிலும் பார்த்தான்.

"இதுக்கே மூக்கப் பொத்துனா எப்படித் தம்பி? இங்கன இருக்குற கழுதைகளுக்கு இதுதான் சந்தன வாசம்" என்றார் மேனேஜர் விஜயபாண்டி.

நீண்ட மேசையைச் சுற்றி நின்று, கத்தரியால் சொத்தைத் திராட்சைகளை வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் தலை நிமிரவில்லை. சூரியபிரகாஷ் மட்டும் சிரித்தான். பிறரைக் கழுதை என்பவருக்குச் சிரிக்க எப்போதும் ஒருவன் கிடைத்துவிடுகிறான்.

மேனேஜரின் கண்ணாடி அறையில் இடமில்லாததால் அந்த மேசையின் ஓரத்திலேயே லேப்டாப்பை விரித்தான். கிடங்கில் நான்கு கம்ப்யூட்டர்கள். அந்தக் கம்ப்யூட்டரின் உடம்பு எப்படி இருக்கிறது என்று சொல்லும் கண்காணிப்புச் சேவை ஒன்று ஒவ்வொன்றிலும் ஓடிக்கொண்டிருந்தது. எவ்வளவு வேலை செய்கிறது, எவ்வளவு சூடாகியிருக்கிறது என்று கேட்டால் சொல்லும். அவற்றை மதுரையிலிருந்தே பார்க்கும்படி இணைப்பதற்குத்தான் அவன் வந்திருந்தான். முதலில் எவையெவை இருக்கின்றன என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஒரே ஒரு கமாண்ட் போதும். கறுப்புத் திரையில் அதை அடித்தால் நெட்வொர்க் முழுவதும் ஒரு குரல் கொடுத்த மாதிரி. சேவை ஓடும் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் 'இங்கே இருக்கிறேன்' என்று தன் பெயரையும் முகவரியையும் அனுப்பும்.

அடித்தான். நான்கு பதில்கள் உடனே வந்தன.

சற்றுப் பொறுத்து, ஐந்தாவதாக ஒன்று வந்தது.

"சார், சுந்தர்ராஜ்னு ஒரு மெஷின் இருக்கா?"

கத்தரிகளின் சத்தம் நின்றது.

"அது பழைய இஞ்சின் ரூம் ஆபரேட்டர் பேரு" என்றார் விஜயபாண்டி. "ஆள் செத்து ஆடியோட வருசமாச்சு. அவன் கம்ப்யூட்டர எடைக்குப் போட்டாச்சு. அந்த ரூம்ல இப்ப கரண்டே கிடையாது."

"எப்படிச் செத்தாரு?"

"கேஸ் லீக்கு. அந்தி நேரம். கதவு மாட்டிக்கிருச்சு. உள்ளுக்குள்ள இருந்து 'பஞ்சம்மாக்கா'ன்னு ஒரு சத்தம் குடுத்திருக்கான். இந்தா டீ கொண்டு வர்றாளே, இவளத்தான். இவ ஏன்னு கேட்டாளான்னு கேளுங்க. கேக்கல. இங்கன நின்ன ஒருத்தியும் கேக்கல. அந்தியில ஒரு தடவ பேரச் சொல்லிக் கூப்பிட்டா அது பேயாம். மூணு தடவ கூப்பிட்டாத்தான் மனுசனாம். அவனுக்கு ரெண்டாந் தடவைக்கே மூச்சு இல்ல." விஜயபாண்டி வயிறு குலுங்கச் சிரித்தார். "பேய்க்குப் பயந்து ஆளப் பேயாக்கிட்டாளுக."

"பேய்க்கு மூணு வரைக்கும் எண்ணத் தெரியாதாக்கும்" என்றான் சூரியபிரகாஷ்.

பஞ்சம்மாள் டீயை அவன் பக்கத்தில் வைத்தாள். ஐம்பதைத் தொடும் வயது. குளிரில் வெடித்த விரல்கள்.

"அந்தப் புள்ள உங்களுக்கும் போன் போட்டுச்சுல்ல சார்" என்றாள், மெதுவாக. "நீங்க எடுத்துப் பேசுனீகளா?"

"அவன் நாள் பூராம் அது ரிப்பேர், இது ரிப்பேர்னு போட்டுக்கிட்டே இருப்பான். எவன் எடுக்குறது? போய் வேலையப் பாரு."

ஏதோ பழைய பதிவு தங்கியிருக்க வேண்டும் என்று சூரியபிரகாஷ் நினைத்தான். மறுபடி கமாண்டை அடித்தான். மறுபடியும் ஐந்து. அந்த ஐந்தாவது முகவரியிடம் அதன் அளவுகளைக் கேட்டான். வெப்பம், காய்ச்சலில்லாத மனித உடம்பின் சூட்டில் நின்றது. அதற்குக் கீழே வேலை அளவைக் காட்டும் எண் ஏறியது. இறங்கியது. சற்று நின்றது. மறுபடி ஏறியது.

தன் மார்பும் அதோடு சேர்ந்து ஏறி இறங்குவதை அவன் உணர்ந்தான்.

எந்தக் கம்ப்யூட்டரும் அப்படி வேலை செய்வதில்லை.

"என்ன தம்பி இது, இழுத்து இழுத்து விடுற மாதிரி இருக்கு?" என்று பஞ்சம்மாள் கேட்டாள்.

அவன் லேப்டாப்பைச் சற்றுத் தன் பக்கம் திருப்பினான். அதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அந்த அட்ரஸ அடைச்சு விடுங்க தம்பி" என்றார் விஜயபாண்டி. "மதுரையில பாத்தாகன்னா சிரிப்பாக."

அடைக்கும் கமாண்டை அவன் அடித்து முடித்தான். கடைசிப் பொத்தானை அழுத்துவதுதான் பாக்கி.

"செத்த நேரம் பொறுங்க தம்பி. அடைச்சுட்டீகன்னா, அந்தப் புள்ள அப்புறம் கூப்பிட்டாலும் கேக்காதுல்ல? அதுக்கு முன்னாடி நான் ஒரு தடவ ஏன்னு கேட்டுக்கிறேன்" என்றாள் பஞ்சம்மாள்.

பக்கத்தில் நின்ற ஜக்கம்மா அவள் கையைப் பிடித்தாள். "வேணாங்க்கா" என்று கிசுகிசுத்தாள். "கேட்டா கூடவே கூட்டிட்டுப் போயிரும். திரிஷாவுக்கு உன்ன விட்டா யாரு இருக்கா?"

"தெரியும்டி" என்றாள் பஞ்சம்மாள். மகளின் பெயரைக் கேட்டதும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். ஆனாலும் கையை விடுவித்துக்கொண்டாள்.

"அடைங்க தம்பி" என்றார் மேனேஜர். "இவளுக கூத்த எல்லாம்..."

இஞ்சின்கள் நின்றன.

மழைச் சத்தம் மட்டும் தகரக் கூரையில் கேட்டது. பிறகு, பூட்டிக் கிடந்த பழைய இஞ்சின் அறையின் இரும்புக் கதவுக்குப் பின்னாலிருந்து,

"பஞ்சம்மாக்கா."

ஒரே ஒரு தடவை.

மூச்சுக்கு வழியில்லாத தொண்டை. சூரியபிரகாஷும் கேட்டான். அவன் விரல் பொத்தானிலிருந்து தானாக விலகியது. திரையில் அந்த எண் பாதியில் நின்று நடுங்கியது.

பஞ்சம்மாள் நடந்தாள். சுருளி வேலப்பர் சாமியைக் கூப்பிட்டபடி கதவு வரைக்கும் போனாள். கதவில் உள்ளங்கையை வைத்தாள்.

"ஏன் சுந்தரு?" என்றாள். "இங்கனதான் இருக்கேன். சொல்லுப்பா."

கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு நீண்ட மூச்சு வெளியே விடப்பட்டது. திரையில் எண் மெல்ல இறங்கி அடங்கியது. யாரும் அடைக்காமலே ஐந்தாவது பெயர் போய்விட்டது.

அவளைக் கூட்டிக்கொண்டு போக யாரும் வரவில்லை. கூப்பிட்டவன் கேட்டது 'ஏன்' என்ற அந்த ஒரு சொல்லைத்தான். அதைக் கொடுத்திருந்தால் யாருக்கும் ஒன்றும் குறைந்துபோயிருக்காது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பஞ்சம்மாள் திரும்பி வந்து மேசையில் ஒரு கத்தரியை எடுத்துக்கொண்டாள்.

விஜயபாண்டி கை தட்டினார். பிறகு தன் தொண்டையை இரண்டு விரலால் பிடித்து, கண்ணைச் செருகிக்கொண்டு, "பஞ்சம்மாக்கா... பஞ்சம்மாக்கா..." என்று இழுத்துக் காட்டினார். ஒருவனின் கடைசி மூச்சை வேடிக்கையாக்க எவ்வளவு சின்ன மனம் போதுமாயிருக்கிறது. இந்தத் தடவை சூரியபிரகாஷ்கூடச் சிரிக்கவில்லை.

"கிறுக்குக் கூட்டம்" என்று சொல்லிவிட்டு அவர் கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இஞ்சின்கள் மறுபடி ஓடத் தொடங்கின.

வேலையை முடித்துவிட்டு ஓடிவிடலாம் என்று சூரியபிரகாஷ் கமாண்டை அடித்தான்.

மூன்று பதில்கள்தான் வந்தன.

மேனேஜரின் கம்ப்யூட்டர் பதில் தரவில்லை. அதன் முகவரியைத் தனியாகக் கூப்பிட்டுப் பார்த்தான். மௌனம். இணைப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

"சார், உங்க சிஸ்டம்..." என்று நிமிர்ந்தான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விஜயபாண்டி நின்றிருந்தார். வாய் அகலத் திறந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. இரண்டு கைகளாலும் கண்ணாடியை அறைந்துகொண்டிருந்தார்.

சத்தமே இல்லை.

குரலும் இல்லை. கைகள் அறையும் ஓசையும் இல்லை. எதிரே நின்ற பெண்கள் குனிந்து திராட்சை வெட்டிக்கொண்டிருந்தார்கள். வேண்டுமென்றே செய்யவில்லை. அவர்களுக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

சூரியபிரகாஷ் எழ முயன்றான். கால்கள் வரவில்லை. கத்த முயன்றான். நாக்கு ஒட்டிக்கொண்டது. கண்ணாடிக்குள் அந்த முகம் நீலம் பாரித்துக்கொண்டிருந்தது.

பஞ்சம்மாள் என்ன நினைத்தாளோ, கத்தரியைக் கீழே வைத்தாள். திரும்பிப் பார்த்தாள்.

"ஏன் சார்?" என்றாள். "இங்கனதான் இருக்கோம்."

எல்லாச் சத்தமும் ஒரேயடியாக வந்து விழுந்தது. கதவு திறந்தது. விஜயபாண்டி வெளியே வந்து தரையில் சரிந்தார். எந்தக் குழாயும் போகாத அந்த அறையிலிருந்து அமோனியா நெடி அவரோடு சேர்ந்து வெளியேறியது. பஞ்சம்மாள் ஓடிப்போய் அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஆறிப்போன டீயை ஒரு மிடறு புகட்டினாள்.

"எவ்வளவு நேரமாக் கூப்பிட்டேன்" என்று அவர் முனகினார். "ஒருத்தரும் ஏன்னு கேக்கலயே, பஞ்சம்மா."

"இப்பக் கேட்டாச்சுல்ல சார். குடிங்க."

அவர் அவள் புடவையைப் பற்றிக்கொண்டு அறையின் பக்கம் திரும்பாமலே கிடந்தார். "எம்பக்கத்துல நின்னு அவனும் கூப்பிட்டான்" என்றார். "நான் கூப்பிட்டதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக் காட்டுனான்."

சூரியபிரகாஷின் விரல்கள் பழக்கத்தில் கடைசியாக ஒருமுறை கமாண்டை அடித்தன.

நான்கு கம்ப்யூட்டர்களும் பதில் சொல்லின. மேனேஜர் அறையின் முகவரியிலிருந்து மட்டும் இரண்டு பதில்கள் வந்திருந்தன.

அவன் மெதுவாக நிமிர்ந்தான். காலியான அறையின் கண்ணாடியில், உள்பக்கத்தில், ஒரு ஆளின் வாய் உயரத்தில் ஆவி படர்ந்து மறைந்தது.

மறுபடி படர்ந்தது.